பன்னிரண்டு கிலோமீட்டர் முக்கோணமும் சைமியும்

சைமி ஹெய்குரா பொய் சொல்லமாட்டாள். பனிக்காட்டு ஊரான ஹிர்விலம்பியில் இதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. முழங்கால் வலி, கூரை ஒழுகல் வரிசையில் வைத்துத்தான் சொல்வார்கள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட டாக்ஸி ஓட்டுகிறாள். ஏரிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிதறிக் கிடக்கிற வீடுகளிலிருந்து நாலு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியில் கொட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப வாரிக்கொண்டு வருவாள். மைனஸ் முப்பதிலும் வண்டி பிந்தியதில்லை. ஒரே ஒரு தடவை பதினோரு நிமிடம் பிந்தியது. வண்டிக்குள் யாரோ குசு விட்டுவிட்டார்கள். விட்டது யார் என்று தெரியாமல் நகரமாட்டேன் என்று சைமி எஞ்சினை ஓடவிட்டபடி ரோட்டோரம் நிறுத்திவிட்டாள். நாலு பிள்ளைகளும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள். பதினோராவது நிமிடம் சைமி ஸ்டியரிங்கைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, நானாக்கூட இருக்கலாம். நேத்து வியாழக்கிழமை. வியாழன்னா ஊரெல்லாம் பட்டாணி சூப்தானே, ரெண்டு தட்டு."

கியரைப் போட்டாள். ஏன் லேட் என்று பள்ளி ஆபீஸில் கேட்டபோது அதையே எழுதியும் கொடுத்தாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் முக்கோணம் இருக்கிறது. காட்டுக்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மூன்று பக்கம், பக்கத்துக்கு நாலு கிலோமீட்டர். அங்கங்கே மரத்தில் பெயிண்ட் அடையாளம் இருக்கும், அவ்வளவுதான். வருசா வருசம் பிப்ரவரியில், புதுப்பனி விழுந்து நின்று ஒரு ராத்திரி கழிந்ததும், ஸ்கீ கட்டையில் ஏறிப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் சுற்றி வரவேண்டும். கோட்டைக் குறுக்கே தாண்டிப் போன ஒவ்வொரு மிருகத்தின் தடத்தையும் தாளில் எழுதவேண்டும். மிருகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே கிடையாது. இருபத்தேழு வருசத்தில் சைமி அங்கே உயிருள்ள எதையாவது நேரில் பார்த்தது ஏழே தடவைதான். அதில் ஒன்று தபால்காரர்.

தாள் தலைநகரத்துக்குப் போகும். அங்கே யாரோ எல்லா ஊர்த் தாளையும் கூட்டிக் கழித்து, எந்தக் காட்டில் எது எத்தனை இருக்கிறது, எதைச் சுடலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு பண்ணுவார்கள். அதனால்தான் வேட்டைச் சங்கத்துக்கு அந்தத் தாள் மேல் ஒரு கண்.

முக்கோணத்துக்குத் தனியாகப் போகக்கூடாது. இடுப்பளவு பனியில் காலை உடைத்துக்கொண்டு கிடந்தால் சத்தம் போட்டாலும் ஸ்ப்ரூஸ் மரங்கள்தான் கேட்கும். சைமிக்குத் துணையாகப் போகிறவன் அஹ்தி. அறுபத்திரண்டு வயது, முன்னாள் மரலாரி டிரைவர், முன்னாள் புருசன். விவாகரத்தாகிப் பதினாறு வருசம் ஆகிறது. அதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள்.

பிரிவதற்கு முந்தின வருசம், மைனஸ் முப்பத்தொன்று. சைமிக்குக் காய்ச்சல். மூன்றாவது பக்கத்தை மட்டும் நான் முடித்துவிட்டு வருகிறேன் என்று அஹ்தி கிளம்பினான். பாதித் தூரத்தில் பனி கடித்து மூக்கு வெள்ளையாகிவிட்டது. திரும்பி வந்து, சமையலறை மேசையில் காப்பியோடு உட்கார்ந்து, முயல் பன்னிரண்டு, அணில் ஏழு, நரி ஒன்று என்று அழகான கையெழுத்தில் நிரப்பிவிட்டான். சைமி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து தாளைப் பார்த்தாள். பென்சில் எழுத்து ஒரே சீராக இருந்தது. கை விறைத்துப் போனவன் இப்படி எழுதமாட்டான்.

"இது எங்க எழுதுனது?"

"அங்க என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா அந்தக் காட்டுலதான் கிடக்கேன்."

"தெரியறதை எழுதுற தாள் இல்ல இது. பாத்ததை எழுதுற தாள்."

தாளை அடுப்பில் போட்டாள். அடுத்த வருசம் பிரிந்தார்கள். காரணம் தாள் இல்லை, குறட்டை என்று சைமி சொல்கிறாள். அவள்தான் பொய் சொல்லமாட்டாளே. ஆனாலும் முக்கோணத்துக்கு மட்டும் வருசா வருசம் அஹ்தியே கூட வருகிறான். வேறு யாரும் வரத் தயாராக இல்லை. ஏழு மணி நேரம் சைமி முதுகைப் பார்த்துக்கொண்டு போவதற்கு ஒரு பழக்கம் வேண்டும்.

போன நவம்பரில் டாக்ஸியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் மூன்று பூனைகள் ரோட்டைத் தாண்டின. வீட்டுப் பூனை இல்லை. லின்க்ஸ். ஆட்டுக்குட்டி உயரம், காது நுனியில் கறுப்புக் குஞ்சம், வெட்டிவிட்ட மாதிரி குட்டை வால், பஞ்சு மெத்தையைக் காலில் கட்டிக்கொண்ட மாதிரி பாதம். தாய் முன்னால் போனது. முதல் குட்டி பின்னால் போனது. ரெண்டாவது குட்டி நடுரோட்டில் உட்கார்ந்து வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் பின்னங்காலை ஒரு தடவை நக்கிவிட்டுத்தான் எழுந்தது. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத நாலு பிள்ளைகளும் அன்றைக்கு மூச்சுக்கூட விடவில்லை. வீட்டில் போய் யாரும் வாயைத் திறக்கவும் இல்லை. சொல்லாதே என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில்தான் வினை வந்தது. சங்கத்துக் கூடத்தில் மூஸ் மான் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தலைவர் தவுனோ எழுந்து நின்றார். அந்த மனிதர் எழுந்து நிற்பதற்கே ரெண்டு நிமிடம் ஆகும். தொப்பை முதலில் எழுந்து அவருக்காகக் காத்திருக்கும்.

"இங்க பூனைக் குடும்பம் ஒண்ணு திரியுதுன்னு எல்லாருக்கும் சந்தேகம். சந்தேகத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. முக்கோணத் தாள்ல தாயும் குட்டியும்னு பதிவாச்சுன்னா போதும், அடுத்த குளிர்காலத்துக்கு சுட அனுமதி கேக்கலாம். அதுக்குள்ள குட்டிங்களுக்கும் வயசு வந்துரும்."

"முதல் அனுமதிச் சீட்டு எனக்கு," என்று பெஞ்சிலிருந்து கத்தினான் அஹ்தி. "சவுனா சுவத்துல ஒரு தோல் தொங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தவுனோ சைமி பக்கம் திரும்பினார்.

"சைமி, என்ன இருக்கோ அதை அப்படியே எழுதிருவல்ல?"

"எப்ப எழுதாம இருந்தேன்?"

சொல்லிவிட்டாள். சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் தூக்கம் சரியில்லை. போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தால், தவுனோ வேறு ஆளை அனுப்புவார். அந்த ஆள் குட்டி ரெண்டு என்றால் நாலு என்று எழுதுவான். போனால், பார்த்ததை எழுத வேண்டும். எழுதினால் பின்னங்காலை நக்கிய குட்டி அஹ்தியின் சுவரில் தொங்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் மேசை டிராயரைத் துழாவி ஒரு பழைய ரப்பரை எடுத்தாள். மகள் பள்ளிக்கூடம் போனபோது வாங்கியது, ஒரு மூலை கடித்திருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். இருபத்தேழு வருசத்தில் முக்கோணத்துக்கு ரப்பர் கொண்டுபோவது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை மைனஸ் இருபத்திரண்டு. அஹ்தியைக் கூட்டிப்போக அவன் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். அவன் அடுப்புக்கு விறகு எடுத்துக்கொண்டிருந்தான். நீராவிக் குளியல் அறையான சவுனாவின் சுவரை ஒட்டிக் காய்ந்த விறகு அடுக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை விட்டுவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய், பனியில் புதைந்த அடுக்கைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"மூளையும் உறைஞ்சிருச்சா? இந்தப் பக்கம் காஞ்ச விறகு இருக்கே."

"உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்? மாட்டு டாக்டரா?"

அவன் கடப்பாரையைச் சாய்த்து வைத்தான். ஸ்கீ கட்டைகளை வண்டியில் ஏற்றினான்.

முதல் பக்கம் நன்றாகத்தான் போனது. இரவு விழுந்த குளிரில் காடு முழுக்க வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. இளம் பிர்ச் மரங்கள் பனிப்பாரம் தாங்காமல் தலை தரையைத் தொட வளைந்து, குனிந்து எதையோ தேடுகிறவர்கள் மாதிரி இருந்தன. சைமி முன்னால் போனாள். அஹ்தி பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தான். முயல் கோட்டைத் தாண்டியிருந்தது, திரும்பித் தாண்டியிருந்தது, மனசு மாறி மறுபடியும் தாண்டியிருந்தது.

"ஒரே முயல்தான். மூணு எழுதுற?"

"மூணு தடவை தாண்டிருக்கு. மூணு."

"அது என்னத்தையோ மறந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு பாவம்."

"அப்ப உன் சொந்தக்காரன்."

ரெண்டாவது பக்கம் தொடங்கி அரை கிலோமீட்டரில், அஹ்தியின் கட்டை முனைக்கு முன்னால் பனி வெடித்தது. குளிருக்குப் பனிக்குள் குழி தோண்டிப் படுத்திருந்த காட்டுக்கோழிச் சேவல், அவன் முகத்தில் ஒரு கூடை பனியை அறைந்துவிட்டுக் கறுப்பாகப் பறந்தது. அஹ்தி மல்லாக்க விழுந்தான். ஒரு கட்டை மரத்தில் மாட்டிக்கொண்டது, இன்னொன்று வானத்தைக் காட்டியது. சைமி பென்சிலை எடுத்தாள். பேனா எழுதாது, மை உறைந்துவிடும்.

"முதல்ல கையைக் குடு, அப்புறம் எழுது."

"கோழி ஒண்ணு," என்று எழுதி முடித்துவிட்டுத்தான் கையைக் கொடுத்தாள்.

ரெண்டாவது மூலையில் வழக்கம்போல் தீ மூட்டினார்கள். செத்த பைன் மரத்தின் கிளை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. குச்சியில் குத்திய சாஸேஜ் கருகத் தொடங்கியதும் குக்கெலிப் பறவைகள் வந்துவிட்டன. காக்கைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், வால் மட்டும் செம்பழுப்பு, வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஒன்று அஹ்தியின் தொப்பியில் உட்கார்ந்தது. இன்னொன்று அவன் வாய்க்குக் கொண்டுபோன துண்டைப் பாதி வழியில் வாங்கிக்கொண்டது. சைமி ஊர் வழக்கப்படி மரக்கோப்பையில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு அதன் மேல் சூடான காப்பியை ஊற்றினாள். தாளைப் பார்க்கலாம் என்று பையிலிருந்து பென்சிலை இழுத்தபோது, கூடவே ரப்பரும் வெளியே வந்து பனியில் விழுந்தது.

அஹ்தி அதைப் பொறுக்கி எடுத்தான். கடித்த மூலையைத் திருப்பிப் பார்த்தான்.

"இது எதுக்கு?"

"சும்மா. பையில கிடந்துச்சு."

சைமி தீயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் காது சிவந்தது. அது குளிரில் சிவக்கிற சிவப்பு இல்லை என்பது அஹ்திக்குத் தெரியும். பதினெட்டு வருசம் கூட வாழ்ந்தவன். ரப்பரை அவள் கையில் வைத்தான். கோப்பையில் மிச்சமிருந்த பாலாடைக்கட்டியை விரலால் வழித்துத் தின்றான். பிளாஸ்கை எடுத்துத் தன் முதுகுப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் முன்னாடி போறேன்."

"இருபத்தேழு வருசமா பின்னாடிதானே வர?"

"குடிச்ச காப்பி வேலையைக் காட்டுது, கிழவி. நீ பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

கிளம்பிவிட்டான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் அவ்வளவு வேகமாகப் போய் அவள் பார்த்ததே இல்லை.

மூன்றாவது பக்கம் ஓடையை ஒட்டிப் போகிறது. நீர்நாய் ஒன்று கரையிலிருந்து வயிற்றால் சறுக்கி இறங்கியிருந்தது. ஏறிப் போய் மறுபடியும் சறுக்கியிருந்தது. மீன் பிடிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா விளையாட்டு. அதை எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது, இடது பக்கம், கோட்டுக்கு இருபது அடி தள்ளி அதைப் பார்த்தாள். வட்டத் தடம், ரொட்டி அளவு, நகம் பதியவில்லை. கோட்டுக்கு இணையாக ஓடியது.

ஒற்றை வரிசை. ஆனால் ஒவ்வொரு குழியும் ஒரே பூனை மிதித்ததை விட ஆழமாக இருந்தது. லின்க்ஸ் குடும்பம் அப்படித்தான் நடக்கும். தாய் வைத்த காலில் குட்டி கால் வைக்கும், அதன் மேல் அடுத்த குட்டி. மூன்று போயிருந்தாலும் ஒன்று போன மாதிரிதான் இருக்கும். எங்காவது குதிக்க வேண்டி வந்தால்தான் பிரிவார்கள், அப்போதுதான் எத்தனை என்று தெரியும். இந்தக் கோட்டில் குதிக்கிற இடம் ஒன்றே ஒன்று. முந்நூறு அடி தள்ளி, பழைய வாய்க்கால். தடம் நேராக அதை நோக்கித்தான் போனது.

சைமி கட்டையைத் தள்ளினாள். பைக்குள் ரப்பர் நெஞ்சில் இடித்தது. மூன்று என்று எழுதிவிட்டு வீட்டில் போய் அழிப்பதா, இங்கேயே ஒன்று என்று எழுதிவிடுவதா? ரெண்டும் ஒரே களவுதான். தள்ளுகிற வேகம் குறைந்தது. குளிர் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள், அதுவும் பொய்தான்.

வாய்க்கால் கரையில் அஹ்தி நின்றுகொண்டிருந்தான், முதுகைக் காட்டி. கால் அகட்டி, தலையை அண்ணாந்து, ராஜா மாதிரி. இப்படியும் அப்படியும் இடுப்பைத் திருப்பிப் பனி மேல் ஒரு பெரிய அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி, ரெண்டு கார் நிறுத்துகிற அளவுக்குப் பனி துவைத்துப் போடப்பட்டிருந்தது. ஸ்கீ தடத்தின் மேல் ஸ்கீ தடம், அதன் மேல் பூட்ஸ் தடம். ஆவி பறந்தது.

சைமி பக்கத்தில் போய் நின்றாள்.

"முடிச்சிட்டியா?"

"வயசாச்சுல்ல. சொட்டுச் சொட்டாத்தான் வருது."

சைமி பனியைப் பார்த்தாள். எந்த மனுசனுக்கும் அவ்வளவு சரக்கு இருக்காது. பாதி பழுப்பு நிறம். காப்பி வாசனை வந்தது. பிளாஸ்க் மூடி திறந்து தலைகீழாகக் கிடந்தது.

"இவ்வளவு தூரம் ஏன் மிதிச்சு வச்சிருக்க?"

"கையுறை விழுந்துருச்சு. தேடுனேன்."

ரெண்டு கையுறையும் அவன் கையில்தான் இருந்தன. அவனும் குனிந்து பார்த்துக்கொண்டான். பேண்ட் பொத்தானைப் போடும் சாக்கில் திரும்பிக்கொண்டான்.

துவைத்த பனிக்கு இந்தப் பக்கம் ஒற்றை வரிசைத் தடம் உள்ளே வந்தது. அந்தப் பக்கம், வாய்க்காலுக்கு அப்பால், கோட்டைத் தாண்டி ஒற்றை வரிசையாகவே வெளியே போனது. நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல இனி ஆண்டவனாலும் முடியாது. காலையில் கடப்பாரையோடு மல்லுக்கட்டிய ஆள் சைமியின் ஞாபகத்துக்கு வந்தான். சவுனா சுவர். உள்ளேயிருந்து சூடு கசியும் பக்கம். கைபடாமல் வைத்திருந்த காய்ந்த விறகு.

"எத்தனை நாளா அந்த விறகுக்குப் பின்னால படுக்குதுங்க?"

"எதுங்க?" என்றான். பிளாஸ்கைப் பொறுக்கி மூடியைத் திருகியபடி, "கிறிஸ்மஸ்லருந்து," என்றான். "சின்னது குறட்டை விடுது."

"தோல் தொங்கணும்னு கத்துன?"

"கத்தலைன்னா தவுனோ என் வீட்டுப் பக்கம் வந்து பாப்பான்."

சைமி தாளை எடுத்தாள். பென்சில் முனையை வாயில் வைத்துச் சூடு பண்ணினாள்.

"மூணுன்னு எனக்குத் தெரியும், அஹ்தி."

"தெரியறதை எழுதுற தாள் இல்ல இது," என்றான் அவன், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு. அந்த வாக்கியத்தைப் பதினேழு வருசமாக வயிற்றில் வைத்திருந்தவன் மாதிரி, ஒரு எழுத்து விடாமல் சொன்னான். "பாத்ததை எழுதுற தாள்."

அவள் வரிசையின் ரெண்டு முனையையும் இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்தது ஒன்று. ஒன்று என்று எழுதினாள். ரப்பரைத் தொடவில்லை. கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில், "வாய்க்கால் அருகே பனி கலைந்துள்ளதால் தடம் தெளிவில்லை. கலைத்தது: மனிதன், ஆண், வயது 62, தனியாக," என்று சேர்த்தாள்.

எட்டிப் பார்த்தான் அஹ்தி.

"என்னையும் எழுதிட்டியா?"

"கோட்டைத் தாண்டிருக்கல்ல."

அடுத்த கூட்டத்தில் தவுனோ கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டுத் தாளைப் படித்தார். ஒன்றா, ஒன்றுதானா, குட்டி இல்லையா என்று மூன்று தடவை கேட்டார். எல்லோரையும் விடச் சத்தமாகத் திட்டியது அஹ்திதான். இந்தக் காட்டில் மனுசன் சுட ஒரு பூனைக்கு வழியில்லை என்று மேசையைக் குத்தி, சூப் கிண்ணத்தைக் கவிழ்த்தும் விட்டான். குறிப்பில் இருக்கும் அறுபத்திரண்டு வயது ஆண் யார் என்று தவுனோ கேட்டபோது கூடம் முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் மூத்திரப்பையைப் பற்றி விளக்கமாகச் சொல்லத் தொடங்கினான். தவுனோ அவசரமாக அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட டாக்ஸி ஒன்பது நிமிடம் பிந்தியது. நாலு பிள்ளைகளும் மடியில் ஆளுக்கு ஒரு கட்டு பிர்ச் விறகு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அஹ்தி வீட்டில், கொட்டகைக்குப் பின்பக்கமாக, ஒருத்தரும் பேசாமல் இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். சவுனா பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சைமி சொல்லியிருந்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஏன் லேட் என்று பள்ளி ஆபீஸில் கேட்டார்கள். தாளில் "விறகு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் சைமி.